ஆயில் குறையாம ஏறிக்கிட்டே போன டாடா 697 இன்ஜின்: லாரிக்காரங்க பேச்சு

பேட்டை டீசல்:
டாடா 1210 லாரி, 697 இன்ஜின். "பத்து நாளா ஆயிலே ஊத்தல, இன்ஜின் அவ்வளவு நல்லாருக்கு"ன்னு டிரைவர் சந்தோஷமா கொண்டாந்த வண்டி. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பாக்கிற கம்பி) இழுத்தா மேல் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேல நிக்குது. பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும், ஏத்தாது. ஏறினா ஒண்ணு தண்ணி, இல்லன்னா டீசல். தண்ணின்னா மோர் மாதிரி வெளுத்துரும். இது கருப்புதான், ஆனா விரல்ல பிடிக்கவே இல்ல, வழுக்கி ஓடுது. பழைய பேப்பர் துண்டுல சூடா ஒரு சொட்டு விட்டுப் பாத்தாச்சு. நடுவுல கருப்புப் பொட்டு, அதைச் சுத்தி வெளிறின வளையம் மெதுவா விரிஞ்சு ரூபாய்க் காசைத் தாண்டிப் போச்சு. அந்த வளையம் டீசல்.

டீசல் பம்பு இன்ஜின் ஆயில்லயே ஓடுற வகைல, டாங்கியிலேர்ந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்போட ஸ்பிண்டில் (தள்ளுகம்பி) தேஞ்சா, டீசல் அந்தப் பம்பு வயித்துக்குள்ள ஒழுகி, ஆயில் திரும்புற வழியா சம்புக்கு (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி) வந்துரும். வெளிய ஒரு சொட்டு விழாது. பேரிங் போறது ஒரு பக்கம். அதைவிடப் பயம், அளவுக்கு மேல ஏறின ஆயில் போருக்கும் (சிலிண்டர் துளை) பிரீதருக்கும் (இன்ஜின் ஆவி போற குழாய்) போய், இன்ஜின் அதையே எரிச்சு தன்னால ரேஸ் ஏறுறது. அப்ப ஸ்டாப் வயரை இழுத்துப் பிரயோஜனம் இல்ல. அது டீசலைத்தான் நிறுத்தும். காத்து வர்ற வாயைத் தட்டையான பலகையால மூடணும். கையால வேண்டாம், துணியும் வேண்டாம், உள்ள இழுத்துரும். வண்டி ஓட்டத்துல இருந்தா டாப் கியர் போட்டு, பிரேக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கிளட்சை விட்டு இன்ஜினை அமத்தணும்.

ஆலங்குளம் பட்டறை:
அண்ணாச்சி, ஃபீட் பம்புன்னு உடனே முடிவு பண்ணுறது சரியில்ல. ஒழுகுற நாசில்லயும் (சிலிண்டருக்குள்ள டீசலைத் தூவுற முனை) இதே வளையம் வரும். எரியாத டீசல் போர் சுவத்துல வழிஞ்சு ஆயிலைக் கழுவிக்கிட்டு கீழ இறங்கும். அதுக்கு அடையாளம், காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே வெள்ளைப் புகை, கண் எரியுற வாசம், ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுறது. ஐடிலிங்ல விட்டு, நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொண்ணா அரைச் சுத்து தளத்துங்க. மேல துணி போட்டு மூடி, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு. எந்த நட்டைத் தளத்தினா சத்தம் மாறலயோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யல. அந்த நாசிலைக் கழத்தி டெஸ்டர்ல போடுங்க. திரும்ப மாட்டும்போது புது காப்பர் வாஷர் ஒண்ணே ஒண்ணு. பழசு குழிக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைப் பாக்காம மேல இன்னொண்ணு போட்டா நாசில் மேல தூக்கி நின்னு, டீசல் விழ வேண்டிய இடத்துல விழாது. அப்புறம் கரும்புகைக்குப் பம்பைக் குறை சொல்லிக்கிட்டு அலைவாங்க.

ஃபீட் பம்பைச் சோதிக்க பம்பு கடைக்கே போகணும்னு இல்ல. பைப்புகள் மாட்டினபடியே அதை மட்டும் பம்புலேர்ந்து கழத்தி, ஸ்பிண்டில் பக்கத்தைத் துடைச்சுட்டு, பிரைமரை (கையால அமுக்கி டீசல் ஏத்துற பிடி) நல்லா அமுக்குங்க. ஸ்பிண்டில் ஓரத்துல டீசல் கசிஞ்சா முடிஞ்சது.

கயத்தாறு லோடு:
நாசில் பைப்னு வந்ததால இதைச் சொல்லியே ஆகணும். காத்தாலைப் பக்கம் நின்ன ஒரு லேலண்ட் லாரி. நாலாம் பைப்போட கிளாம்பை யாரோ கழத்திட்டு திரும்பப் போடல. அதிர்வுல பைப் மயிரிழை அளவுக்கு வெடிச்சு, மஞ்சு மாதிரி பீச்சிக்கிட்டு இருந்துச்சு. கிளீனர் பையன் எங்க ஒழுகுதுன்னு விரலால தடவிப் பாத்தான். ஆள்காட்டி விரல் நுனியில ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம் இல்ல, வலியும் அவ்வளவா இல்ல. சாயங்காலத்துக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் வெளுத்து வீங்கிட்டு.

அந்தப் பைப்புல போறது 200 பாருக்கும் மேல பிரஷர். தோலைத் துளைச்சு உள்ள பரவும். சின்னப் புள்ளிதானேன்னு மருந்து தடவிட்டு விட்டா விரலையே எடுக்க வேண்டி வரும். உடனே ஆஸ்பத்திரி, "டீசல் பிரஷர்ல உள்ள போயிருக்கு"ன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும். இல்லன்னா சாதாரணக் குத்துன்னு தையல் போட்டு அனுப்பிருவாங்க. கசிவு தேடணும்னா அட்டைத் துண்டைப் பிடிச்சு நகத்துங்க, அது நனையுற இடம்தான் ஓட்டை.

புளியரை மேடு:
செங்கோட்டை தாண்டி எஸ் வளைவுல நின்ன உப்பு லோடு. மேடு ஏறுறப்ப இழுவை குறைஞ்சு அமந்துருது. ஏர் எடுத்தா (டீசல் பைப்புல புகுந்த காத்தை வெளியேத்தினா) கிளம்புது, கால் மணி நேரத்துல மறுபடி. நாலு தடவை எடுத்தாச்சு. ஒழுக்கு எங்கயும் இல்ல. டாங்கியிலேர்ந்து ஃபீட் பம்பு வரைக்கும் இழுக்கிற பக்கம். அங்க ஓட்டை விழுந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். சேஸிஸ் கிளாம்புக்கு அடியில உப்புத் தண்ணி நின்னு பைப்பைத் தின்னிருந்துச்சு. கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு கேன்ல டீசலை இன்ஜின் மட்டத்துல வச்சு, தனி ஹோஸ் பைப்பை நேரா ஃபீட் பம்புக்குக் கொடுக்கணும். வண்டி நல்லா ஓடினா குத்தம் டாங்கி பைப்புலதான்.

ஏர் எடுக்கிற வரிசையும் முக்கியம். முதல்ல ஃபில்டர் மேல உள்ள ஸ்குரூ, நுரை நின்னு டீசல் கம்பியா வர்ற வரைக்கும் பிரைமர். முடுக்கிட்டு பம்பு ஸ்குரூ. கடைசியா நாசில் நட்டுகள், செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிச்சு. செல்ஃப் 15 செகண்டுக்கு மேல வேண்டாம், ஒரு நிமிஷம் ஆற விடுங்க. இதுக்கெல்லாம் முன்னால சக்கரத்துக்குக் கட்டை. பழைய வண்டியில இன்ஜின் நின்னு பிரேக் காத்து இறங்கினா கால் பிரேக் கிடையாது, மேட்டுல அதை மறக்கக் கூடாது.

வள்ளியூர் டிப்பர்:
மேட்டுல சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற வால்வு) கழத்திப் போடுற பழக்கம் நம்ம பக்கம் போகவே மாட்டேங்கு. பைபாஸை (ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி சுத்துற வழி) மூடுற வகையில அதைக் கழத்தினா, பாதித் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம சுத்திக்கிட்டு, சூடு இன்னும் ஏறும். மத்த வகையில இன்ஜின் சூடே பிடிக்காது, போர் சீக்கிரம் தேயும். பேட்டை அண்ணாச்சி சொன்ன வளையம் அதனாலயும் வரலாம், குளிர்ந்த சுவத்துல டீசல் எரியாம இறங்கும். ராதாபுரம் பக்கத்து போர்வெல் தண்ணியை ரேடியேட்டருக்கு ஊத்தாதீங்க, குழாய்க்குள்ள சுண்ணாம்பு கட்டிரும். கூலன்ட் கலந்த நல்ல தண்ணி. கொதிக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ரேடியேட்டர் மேல் ஹோஸ் பைப் கையால பிடிக்கிற அளவுக்கு ஆறணும், அப்புறம் கனத்த துணி போட்டு முதல் பல்லு வரைக்கும் திருப்பி, சீற்றம் அடங்கின பிறகு முழுசா.

பேட்டை டீசல்:
ஆலங்குளத்தார் சொன்னபடி நாசில் ஆறையும் பாத்தாச்சு, ஒழுக்கு இல்ல. ஃபீட் பம்பைக் கழத்தி பிரைமரை ஏழெட்டுத் தடவை அமுக்கினதும் ஸ்பிண்டில் ஓரத்துல கண்ணீர் மாதிரி வந்துச்சு. ஃபீட் பம்பு மாத்தி, சம்பை முழுசா வடிச்சு, ஃபில்டரும் புதுசு. மேல் கோட்டோட நிறுத்தி ஊத்தியிருக்கு. சமதளத்துல வச்சு, ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னால தினம் காலையில பாக்கச் சொல்லியிருக்கு. அஞ்சு நாளாச்சு, கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு.