பிரஸ்ஸிங்கை ஏற்றியதும் 8 புள்ளி கூடியது, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

மஞ்சக்குப்பம்_6:
கால்பந்து அணியை நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில் எந்த டாக்டிக்ஸ் (ஆட்ட உத்தி) நல்லது என்று இங்கே சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது, அதனால் நானே சோதித்துவிட்டேன். ஒரே அணி, ஒரே லீக், சீசன் தொடங்கும் முன் எடுத்து வைத்த ஒரே சேவ் ஃபைல். பிரஸ்ஸிங் (பந்து வைத்திருக்கும் எதிரணியை ஓடிப்போய் நெருக்குவது), டிஃபென்சிவ் லைன் (தடுப்பு வரிசை எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பது) இரண்டையும் நடுவில் வைத்து ஓட்டினால் 58 புள்ளி. அதே சேவைத் திறந்து பிரஸ்ஸிங்கை உச்சத்துக்கு ஏற்றி, லைனையும் மேலே தள்ளி ஓட்டினால் 66. எட்டுப் புள்ளி என்பது ஐரோப்பியப் போட்டிக்குப் போவதற்கும் வீட்டில் உட்காருவதற்கும் உள்ள தூரம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம், ஆனால் "எனக்கு அப்படித் தோணுது" வேண்டாம், எண்ணோடு வாருங்கள்.

லாஸ்பேட்டை_லிபரோ:
எண்தானே, இதோ. ஒரு ஆட்டத்தில் கிடைப்பது வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0, இவற்றில் ஒன்று. ஓரளவு நன்றாக ஆடும் அணிக்கு ஒரு ஆட்டத்தின் புள்ளியில் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) சுமார் 1.3 வரும். 38 ஆட்டம் என்றால் அதை 38-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 8. அதாவது நீங்கள் ஒரு பட்டனையும் தொடாமல் அதே சேவை மறுபடி ஓட்டியிருந்தாலே 58 வந்த இடத்தில் 66 வந்திருக்கலாம், 50 கூட வந்திருக்கலாம். இரண்டு சீசனை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் 11 புள்ளிக்கு மேல் போகிறது, நீங்கள் காட்டுவது 8. ஒவ்வொரு அமைப்பையும் 25 சீசன் ஓட்டினால்தான் அந்த 11 ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கி 2 புள்ளிச் சொச்சத்துக்கு வரும், அதற்குப் பிறகு பேசலாம்.

இன்னொன்று, இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்றியிருக்கிறீர்கள். கூடியது பிரஸ்ஸிங்காலா, லைனாலா? ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எடிட்டரில் காயங்களை நிறுத்துங்கள், வீரர்களின் கண்டிஷனை (உடல் தெம்பு) குறையாமல் முழுசாகப் பூட்டி வையுங்கள், கணினியே ஆட்டங்களை ஓட்டிக்கொள்ளும்படி ஹாலிடே போட்டுவிட்டு ராத்திரி தூங்கப் போங்கள். சோதனை என்றால் இதுதான்.

முத்தியால்பேட்டை_கோலி:
லிபரோ தம்பி, கணக்கு சரி, சோதனைதான் தப்பு. சாம்பியன்ஷிப் மேனேஜர் காலத்திலிருந்து ஆடுகிறவன் நான், 2004-இல் அதை உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் அந்தப் பெயரைப் பழைய வெளியீட்டாளரிடமே விட்டுவிட்டு ஃபுட்பால் மேனேஜர் என்று ஆரம்பித்தபோது கூடவே வந்தவன். கண்டிஷனைப் பூட்டிவிட்டுப் பிரஸ்ஸிங்கைச் சோதிப்பது, கடனுக்கு வட்டியே கிடையாது என்று வைத்துக்கொண்டு கடன் வாங்கலாமா என்று யோசிப்பது மாதிரி. பிரஸ்ஸிங்குக்குக் கொடுக்கிற விலையே களைப்புதான். அந்த விலையை எடுத்துவிட்டால் எந்தச் சோதனையிலும் உச்ச பிரஸ்ஸிங்தான் முதலில் நிற்கும், அந்த டாக்டிக்கைப் பதிவிறக்கிப் போட்டவன் டிசம்பரில் வாரம் மூன்று ஆட்டம் வரும்போது வந்து அழுவான்.

ஹைலைட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். எழுபதாவது நிமிடம், இடது விங்கரின் தெம்பைக் காட்டும் இதயக் குறி ஆரஞ்சுக்கு வந்திருக்கும். எதிரணி ரைட் பேக்கிடம் பந்து வரும்போது முதல் பாதியில் ஓடிப்போய் மறித்தவன் இப்போது நாலு அடி வைத்து நின்றுவிடுவான். அவனை நம்பி மேலே ஏறி வந்த மிட்ஃபீல்டருக்குப் பின்னால் மைதானமே காலியாகக் கிடக்கும், ஒரே பாஸ், உங்கள் சென்டர் பேக் திரும்பி ஓட ஆரம்பிப்பான். இது எந்த அட்டவணையில் வரும்?

"ஒன்றை மட்டும் மாற்று" என்பதும் இங்கே எடுபடாது. பிரஸ்ஸிங்கை மட்டும் ஏற்றி லைனைக் கீழேயே விட்டால் நடுவில் ஒரு தெருவே திறந்து கிடக்கும், புள்ளி குறையும், உடனே நீங்கள் பிரஸ்ஸிங் மோசம் என்று எழுதுவீர்கள். மஞ்சக்குப்பம் தம்பி இரண்டையும் சேர்த்து ஏற்றியது சரியான முடிவு.

மஞ்சக்குப்பம்_6:
நன்றி அண்ணே. லிபரோ கவனிக்க வேண்டும், நான் கண்டிஷனையும் பூட்டவில்லை, காயத்தையும் நிறுத்தவில்லை. களைப்பு எல்லாம் இருந்துதான் 66.

லாஸ்பேட்டை_லிபரோ:
களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு சீசன் ஒரு சீசன்தான் நண்பா.

கோலி அண்ணே, கண்டிஷனைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம், பிரஸ்ஸிங் சோதனையில் அதைத் திறந்தே வைக்கலாம். சேர்ந்து வேலை செய்யும் அமைப்புகளுக்கும் வழி இருக்கிறது: பிரஸ்ஸிங் இரண்டு அளவு, லைன் இரண்டு அளவு, நாலு கூட்டையும் தனித்தனியாக ஓட்டினால் நீங்கள் சொல்கிற தெரு எங்கே திறக்கிறது என்று எண்ணே காட்டிவிடும். ஆனால் "முழு ஆட்டம் பார்" என்பதை ஏற்க மாட்டேன். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பாண்டியில் பார்க்காதவர் யார்? 41-ஆவது நிமிடத்திலேயே பிரான்ஸ் பயிற்சியாளராக இருந்த தெஷாம் தன் வீரர்கள் ஜிரூ, டெம்பெலே இருவரையும் வெளியே எடுத்தார். 80 நிமிடம் வரை அது தோற்றுப்போன முடிவு. அடுத்த இரண்டு நிமிடத்தில் எம்பாப்பே இரண்டு கோல் போட்டதும் மேதையின் முடிவு. பெனால்டியில் தோற்றதும் மறுபடி தவறான முடிவு. ஒரே ஆட்டம், ஒரே முடிவு, மூன்று தீர்ப்பு. கண் இப்படித்தான் ஏமாற்றும்.

முத்தியால்பேட்டை_கோலி:
நீ ஸ்கோரைப் பார்த்திருக்கிறாய், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வந்தவர்கள் கோலோ முவானி, துராம். முதல் பெனால்டியை வாங்கிக் கொடுத்தவன் முவானி, இரண்டாவது கோலுக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்தவன் துராம். எந்த மாற்றம் எப்படி வேலை செய்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிறது, அதற்கு 25 உலகக் கோப்பை தேவையில்லை. ஆட்டத்தின் முடிவு அதிர்ஷ்டமாக இருக்கலாம், அந்த முடிவுக்கு முன்னால் நடந்த ஓட்டம் அதிர்ஷ்டம் இல்லை.

வில்லியனூர்_பெஞ்ச்:
நடுவில் வருகிறேன். புள்ளியை விட்டுவிட்டு எக்ஸ்ஜி (ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டிய எண்) வித்தியாசத்தைக் கணக்கெடுங்களேன். ஒரு ஆட்டத்தில் கோல் விழுவது இரண்டோ மூன்றோ, ஷாட் இருபதுக்கு மேல் போகும், அதனால் அதில் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் குறைவு, அவ்வளவு சீசனும் தேவைப்படாது. டாக்டிக் பழக்கத்தையும் (அணிக்கு அந்த உத்தி எவ்வளவு பழகியிருக்கிறது என்பது) பாருங்கள், இரண்டு அமைப்பிலும் அதைக் காட்டும் பட்டை முழுசாக நிரம்பிய பிறகு எண்ண ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாகப் போட்டது எப்போதும் தோற்கும்.

லாஸ்பேட்டை_லிபரோ:
எக்ஸ்ஜி எனக்குச் சம்மதம். மஞ்சக்குப்பம், அந்த சேவ் ஃபைலை ஏற்றுங்கள். நாலு கூட்டு, கண்டிஷன் பூட்டாமல், நான் ஓட்டுகிறேன்.

மஞ்சக்குப்பம்_6:
ராத்திரி ஏற்றுகிறேன். 66 நிற்கும், பாருங்கள்.

முத்தியால்பேட்டை_கோலி:
ஓட்டுங்கள், ஆனால் அந்த அணியில் பாதிப் பேருக்கு ஸ்டாமினாவும் (தாக்குப்பிடிக்கும் திறன்) ஒர்க் ரேட்டும் (ஓடி உழைக்கும் குணம்) இருபதுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டாமினா பத்தைத் தாண்டாத ஒரு கீழ் டிவிஷன் அணியிலும் அதே நாலு கூட்டை ஓட்டிவிட்டு இரண்டையும் சேர்த்துப் போடு தம்பி, ஒன்றை மட்டும் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.