கோயில் நோட்டீஸில் அம்மனுக்குப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

ரைப்பிங் கடைக்காரன் (புதுக்குடியிருப்பு)

வணக்கம். புதுக்குடியிருப்பில் சின்னதாக ஒரு கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரைப்பிங், லமினேற்றிங், கலியாண அட்டை. வைகாசியில் பொங்கல் நோட்டீஸ் வரும், ஆவணியில் மடு மாதா கோயிலுக்குப் பஸ் விடுகிறவர்களின் நோட்டீஸ் வரும். முன்பு தமிழ் மட்டும் போதும். இப்போது கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் வாசிக்க வேண்டுமாம், பின்பக்கத்தில் இங்கிலிஸும் கேட்கிறார்கள். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

போன கிழமை ஒரு கண்ணகி அம்மன் கோயிலுக்கு 500 நோட்டீஸ். 'எங்கள் ஊரின் தெய்வம்' என்ற இடத்தில் 'கோடெஸ்' என்ற சொல்லைச் சின்ன ஜி போட்டு அடித்திருந்தேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மனைச் சின்ன எழுத்திலா போட்டிருக்கிறாய்?" என்றார். அந்த நேரம் பார்த்து மேசையில் ஒரு சபையின் நோட்டீஸ் கிடந்தது. அதில் இயேசுவைக் குறிக்கும் 'ஹீ' எல்லாம் பெரிய எச். போதகர் சொல்லித்தான் பதினான்கு இடத்தில் மாற்றினேன். தலைவர் அதையும் எடுத்துப் பார்த்தார். "அங்கே 'அவர்' என்ற சொல்லுக்கே பெரிய எழுத்து. எங்கள் அம்மனுக்கு இல்லையோ?"

500ஐயும் என் செலவில் திரும்ப அடிக்க வேண்டுமாம். நான் செய்தது பிழையா? கோயில், பூசை, பொங்கல் இவற்றுக்கெல்லாம் என்ன கணக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புப் பேனை (முள்ளியவளை)

தம்பி, நீர் செய்தது பிழை இல்லை. முப்பது வருசம் இங்கிலிஸ் படிப்பித்த ரீச்சர் சொல்கிறேன், தலைவருக்கு வாசித்துக் காட்டும்.

இங்கிலிஸில் பெரிய எழுத்து கும்பிடுவதற்கு இல்லை. இது ஒரு பெயர் என்று காட்டுவதற்கு. வீட்டு நாய்க்கு ரொமி என்று பெயர் வைத்தால் அதற்கும் பெரிய எழுத்துத்தான். கண்ணகி, முருகன், அல்லாஹ், புத்தர், இயேசு எல்லாம் பெயர்கள், எப்போதும் பெரிதாக வரும். 'கோடெஸ்' தெய்வம் என்கிற பொதுச்சொல், ஆகவே சின்ன ஜி. அதையே பெயருக்கு முன்னால் பட்டமாக ஒட்டி 'கோடெஸ் கண்ணகி', 'லோட் முருகன்' என்று எழுதினால் பெரிதாகும். முன்னால் ஒரு 'த' வந்து 'த கோடெஸ் கண்ணகி' என்றானால் திரும்பவும் சின்னது.

'கோட்' என்ற சொல்தான் சிக்கல். கடவுள் ஒருவரே என்ற கருத்தில் அவருக்குப் பெயர்போல எழுதினால் பெரிய ஜி. 'ஒரு கடவுள்', 'கடவுள்கள்' என்று வந்தால் சின்னது, கிரேக்கர் கடவுள்களுக்கும் அப்படித்தான். சைவர்கள் சிவனை முழுமுதற் கடவுள் என்ற கருத்தில் எழுதும்போது பெரிய ஜி போட முழு உரிமையும் இருக்கிறது. அது வேதக்காரருக்கு (கிறிஸ்தவர்களுக்கு) மட்டும் எழுதிவைத்த எழுத்தில்லை.

கோயிலுக்கு வருவோம். வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் என்று முழுப்பெயர் எழுதும்போது 'ரெம்பிள்' என்பதும் பெயரின் பகுதி, பெரிய ரி. கோயிலுக்குப் போனோம் என்றால் சின்னது. எங்கள் காட்டா விநாயகருக்கும் இதே கணக்கு. வைகாசி விசாகம் பெரியது, பூசை சின்னது. பொங்கல் திருநாளாக இருந்தால் பெரியது, பானையில் இருந்தால் சின்னது! முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை விளக்கமாக எழுதும், விளக்குக்குப் பெரிய எழுத்து வேண்டாம். ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளைக்கு அது என்னவென்று விளங்கினால் போதும்.

உண்மையான பிழை வேறிடத்தில். இந்து, சைவம், கிறிஸ்தவம், தமிழ் இவை பெயரடையாக வந்தாலும் பெரிய எழுத்துத்தான். என் சிவப்புப் பேனை முடிந்ததெல்லாம் அதில்தான். அதைச் சரிபார்த்தீரா?

மடு றோட்

ரீச்சர் சொன்னதோடு எங்கள் பக்கத்தையும் சேர்க்கிறேன். 'ஹீ' பெரிதாக வரத்தான் வேண்டும் என்றில்லை. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே அது சின்ன எச். பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் சிலவற்றில்தான் பெரிதாக இருக்கிறது. போதகர் கேட்டால் போட்டுக்கொடுங்கள், ஆனால் பதினான்கில் ஒன்றையும் விடாமல்.

பங்கு நோட்டீஸ் வந்தால்: திருப்பலியைக் கத்தோலிக்கர் 'மாஸ்' என்று பெரிய எம் போட்டு எழுதுவோம். மடு மாதாவை 'அவர் லேடி' (எங்கள் அன்னை) என்று எழுதினால் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. பைபிள் பெரியது, 'பிப்ளிக்கல்' சின்னது. 2015 ஜனவரி 14 மடுவுக்கு வந்தவர் 'போப் பிரான்சிஸ்', பெரிய பி. பெயர் இல்லாமல் 'த போப்' என்றால் பல பத்திரிகைகளில் சின்ன பி. பாப்பரசருக்கே அந்த நிலை என்று உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானான் (ஜெர்மனி)

இங்கே வாருங்கள், சண்டையே வராது. ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. கடவுளுக்கும் கத்தரிக்காய்க்கும் ஒரே மரியாதை.

சிவப்புப் பேனை (முள்ளியவளை)

அதுதான் நானும் சொல்கிறேன். தமிழில் பெரிய எழுத்தே இல்லை, அதனால் எந்தச் சாமி குறைந்து போனது? அம்மன் 'வந்தாள்' என்கிறோம். முருகனை 'வாடா' என்றும் கூப்பிடுகிறோம். வேதக்காரர் இயேசு 'சொன்னார்' என்கிறார்கள். 'ள்' போட்டதற்காகத் தலைவர் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பித் தந்தாரா?

திரும்ப அடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு வழி. அந்த வசனத்தில் 'கோடெஸ் கண்ணகி' என்று பெயரையும் சேர்த்துவிடும். ஜி தானாகப் பெரிதாகும், இலக்கணமும் கெடாது. தலைப்பு வரியை முழுக்கக் கப்பிட்டலில் போடும். தலைப்பில் மட்டும்தான், உள்ளேயும் போட்டால் வாசிக்கிறவருக்குக் கத்துவதுபோல இருக்கும்.

ரைப்பிங் கடைக்காரன் (புதுக்குடியிருப்பு)

ரீச்சர், நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். 'இந்து'வையும் பார்த்தேன், இரண்டு இடத்தில் சின்ன எச் கிடந்தது, அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பேப்பர் காசில் பாதியைக் கோயில் தந்தது.

தலைவர் நேற்று வந்து தலைப்பைத் தடவிப் பார்த்தார். "இப்போது சரி" என்றார். பிறகு கீழே இறங்கித் தன் பெயரிடம் வந்தார். பெயருக்குப் பின்னால் தலைவர் என்பதற்குப் போட்ட 'பிரசிடென்ற்' என்ற சொல் ஏன் சின்ன பி என்று கேட்டார்.

பெரிதாக்கிக் கொடுத்துவிட்டேன் ரீச்சர். மன்னித்துக்கொள்ளுங்கள்.