ஹோர்ட்டன் சமவெளிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

வடமராட்சிப் பெண் (கேள்வி)

வணக்கம். பெப்ரவரியில் மாமா குடும்பம் கனடாவில் இருந்து வருகிறது. எல்லோருமாக நுவரெலியாவில் தங்கி ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதாக இருக்கிறோம். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் நோவும் உண்டு, ஆனால் அவசரப்படுத்தாவிட்டால் நன்றாக நடப்பார். மாமாவின் மகன் நேர்மாறு, உலக முடிவு என்ற மலைவிளிம்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டேன், சிகரம் ஒன்று ஏறியே ஆகவேண்டும் என்று இப்போதே நிற்கிறான். போய்வந்த பலரும் "புகார் மூடிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். அது ஏன், எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் தப்பலாம்? ரயிலில் ஒஹியாவில் இறங்கி ஏறுவது சரிவருமா? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

ஹக்கலைக் காற்று

பெப்ரவரி நல்ல தெரிவு. ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் அங்கே வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று நின்று பேசவும் விடாது.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அதன் தெற்கு விளிம்பு திடீரென்று அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்குகிறது, அந்த இடத்தைத்தான் உலக முடிவு என்கிறோம். காலையில் வெயில் ஏற ஏற கீழ்நாட்டுக் காற்று சூடாகி, ஈரத்தோடு அந்தச் சுவரைப் பிடித்து மேலே வரும். மேலே குளிர், அதனால் விளிம்புக்கு வரும்போதே மேகமாகிவிடும். ஆகவே ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான். இது அவர்களுடைய அதிர்ஷ்டக்கேடு இல்லை, மழையில்லாத நாட்களிலும் நடப்பதுதான்.

வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவில் இருந்து பட்டிப்பொல வழியாக முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே, வளைவுப் பாதை என்பதால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. நாலரைக்கு வான் வாசலில் நிற்க வேண்டும் என்று சாரதியிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். எட்டு, எட்டரைக்கு விளிம்பில் நின்றால் கீழே தேயிலைத் தோட்டம், தெற்கே குளங்கள் எல்லாம் தெரியும்.

ரயில் வேண்டாம். ஒஹிய நிலையத்தில் இருந்து மேலே பத்துக் கிலோமீற்றருக்கும் அதிகம், ஏற்றம் வேறு. அம்மாவோடு அது நடக்காது, நேரத்துக்குப் போய்ச் சேரவும் முடியாது. ரயில் ஆசையைத் திரும்பும்போது தீர்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலை வாசி

அக்கா, மேலே சொன்ன நேரக் கணக்கு சரிதான், ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. எல்லாரும் உலக முடிவுக்கு ஓடுகிறார்கள், அங்கே நின்று படம் எடுக்கிறார்கள், அதே வேகத்தில் வானுக்குத் திரும்புகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது அந்தப் புல்வெளியும் காடும்தான், விளிம்பு அதில் ஒரு துண்டு.

காட்டுக்குள் நுழைந்ததும் மரங்களைக் கவனியுங்கள். அவ்வளவு உயரம் வளராமல் முறுகி, மேலே குடை விரித்த மாதிரி நிற்கும், இலை சின்னது, தடிப்பு. கிளை முழுக்கப் பாசி, அதில் நரைத்த தாடி போலத் தொங்கும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் ஒன்று). புகார் வந்து மோதும்போது இந்தப் பாசியும் இலையும்தான் அதைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குகின்றன. மழையே இல்லாத காலையிலும் மரத்தடி நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டில் இருந்து தண்ணீர் போகிறது, அப்போது இந்தக் காடு நாட்டுக்கு என்ன என்பது உங்களுக்கே விளங்கும். 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் வந்தது.

பட்டிப்பொல வாயிலைத் தாண்டிப் போகும்போது வீதியோரம் அரெங்கா குளம் என்று சின்னதாக ஒன்று வரும். விடியும் நேரம் ஐந்து நிமிஷம் என்ஜினை நிறுத்திவிட்டுச் சத்தம் போடாமல் இருந்தால் சீழ்க்கைக் குருவி வரலாம். நீலக்கருப்பு நிறம், உலகத்தில் இலங்கை மலைநாட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. தேவாங்கு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இங்கே உள்ள சிவப்புத் தேவாங்கு அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து, 2010இல் அதன் படம் வெளியாகி உலகச் செய்தியானது. அது இரவில் நடமாடுவது, பகலில் உங்களுக்குத் தெரியாது.

அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வான் ஃபார் இன் என்ற பழைய விடுதிக் கட்டடம் வரைக்கும் போகும், அங்கிருந்து தொடங்கும் பாதை முதல் பகுதியில் திறந்த புல்வெளி, பெரிய ஏற்றம் இல்லை. அவர் எதுவரை நடக்கிறாரோ அதுவரை போய்த் திரும்பினாலும் பயணம் வீண் இல்லை. முழுச் சுற்று ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவு. அதில் முழங்காலுக்குப் பிரச்சினை தருவது பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம், படி செங்குத்து, எப்போதும் ஈரம். அந்தப் பக்கம் இளசுகள் போகட்டும், அம்மா விளிம்பைப் பார்த்துவிட்டு வந்த பாதையாலேயே திரும்பட்டும். ஊன்றுகோல் ஒன்று இருந்தால் நல்லது, காட்டுப் பகுதியில் வேர் நிறைய, செம்மண் வழுக்கும்.

வடமராட்சிப் பெண்

இரண்டு பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இப்போதே குளிருக்கு உடுப்புத் தேடுகிறார். மச்சானுக்கு என்ன சொல்ல? கிரிகல்பொத்த என்று ஒரே பிடி.

காலடித்தடம்

நடந்து ஏறக்கூடிய மலைகளில் நாட்டிலேயே உயரமானது கிரிகல்பொத்த, 2,395 மீற்றர். பிதுருதலாகலை அதைவிட உயரம், ஆனால் அங்கே நடந்து ஏற விடமாட்டார்கள். அதனால் உங்கள் மச்சானின் ஆசையில் பிழை இல்லை. ஆனால் அது தனி நாள் வேலை. பாதி வழி சதுப்பு, இடையில் குள்ள மூங்கில் பாதையை மூடியிருக்கும், புகார் இறங்கினால் தடம் தெரியாது. பூங்கா அலுவலகத்தில் சொல்லி, வழிகாட்டி ஒருவரோடுதான் போக வேண்டும். தனியாக விடாதீர்கள், எவ்வளவு பழக்கம் இருந்தாலும்.

ஒரே நாளில் எல்லாம் வேண்டுமென்றால் தொட்டுபொல கந்தை சொல்லுங்கள். 2,357 மீற்றர், நாட்டில் மூன்றாவது. பட்டிப்பொலப் பாதையோரத்திலேயே ஏற்றம் தொடங்குகிறது, சின்ன நடைதான், நீங்கள் எல்லோரும் திரும்பும் வழியில் அவன் ஏறி இறங்கிவிடுவான். எப்படியென்றாலும் விளிம்பில் வேலி தாண்டிப் படம் எடுக்கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே விழுந்தவர்கள் இருக்கிறார்கள். நீர்வீழ்ச்சியிலும் இறங்கக் கூடாது, தண்ணீர் பார்க்க அமைதியாக இருக்கும், அடியில் பாறை.

ஹக்கலைக் காற்று

சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் லன்ச் ஷீட்டில் (மெல்லிய பொலித்தீன் தாளில்) சுற்றாதீர்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக்கூட உரிப்பார்கள். சிலருக்கு இது தொந்தரவாகத் தெரிகிறது, எனக்கு அவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கும். ஃபார் இன் பக்கம் மரைகள் (பெரிய மான்கள்) ஆட்களுக்குப் பழகிவிட்டன, கையில் எது இருந்தாலும் முகர வரும், பொலித்தீனையும் சேர்த்து விழுங்கும். அது வயிற்றில் அடைத்துச் செத்த மரைகள் உண்டு. பிள்ளைகள் ஆசைப்பட்டுப் பிஸ்கட் நீட்டுவார்கள், தயவுசெய்து விடாதீர்கள், அது எவ்வளவு சாதுவாக நின்றாலும் காட்டு விலங்கு, கொம்பும் இருக்கிறது. வாழையிலையில் கட்டி எவர்சில்வர் பெட்டியில் வையுங்கள், மிச்சம் எல்லாம் உங்களோடு திரும்பி வரவேண்டும்.

இன்னும் ஒன்று, நீங்கள் எல்லோரும் அடையாள அட்டை எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் டிக்கெட் வாங்கும் இடத்தில் இழுபடும். மாமா குடும்பத்துக்கு வெளிநாட்டவர் கட்டணம், அது கணிசமாகக் கூட, முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையைத் தவிருங்கள். பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி பிடிக்கும் நாட்களும் உண்டு, அதனால் அம்மாவுக்குத் தொப்பியும் கம்பளிக் காலுறையும் வேண்டும், ஆனால் பத்து மணிக்கு வெயில் சுடும், கழற்றி வைக்க ஒரு பை கொண்டுபோங்கள். துணிப் பையாக.