குழந்தைக்கு நாலரை மாதம், மாதவிலக்கு இன்னும் வரவில்லை: எந்தக் கருத்தடை எடுக்கலாம்?

கவின் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். ஊர் அவிநாசி பக்கம், வயது 26. முதல் பிரசவம், சிசேரியன். பையனுக்கு நாலரை மாதம் ஆகிறது. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். ராத்திரி மட்டும் ஒரு தடவை பவுடர் பால், ஏனென்றால் மூன்று மாதம் முடிந்ததும் "பால் பத்தல, அதான் பையன் அழுவுறான்" என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். அதைக் குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் விடிகாலை ஐந்துக்குத்தான் எழுந்திருக்கிறான்.

பிரசவத்துக்கு அப்புறம் மாதவிலக்கு இன்னும் வரவில்லை. "பால் குடுக்கற வரைக்கும் வயித்துல நிக்காது, மூணு பெத்தவ சொல்றேன்" என்பது அத்தையின் தீர்ப்பு. அந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒன்றரை வருஷ இடைவெளிகூடக் கிடையாது. அதை நான் சொல்லிக்காட்டவில்லை, வீட்டில் நிம்மதி வேண்டுமே.

ஆறு மாத லீவு முடிந்ததும் பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்ப வேண்டும். தையல் பார்க்கப் போனபோது டாக்டர், வயிற்றைத் திறந்து எடுத்த பிரசவம், இரண்டு வருஷத்துக்கு அடுத்ததைப் பற்றி நினைக்காதே என்றார். எங்களுக்கு மூன்று வருஷம் ஆனாலும் சரிதான்.

வீட்டுக்காரர் மெடிக்கலில் மாலா டி கருத்தடை மாத்திரை வாங்கிவந்து பீரோவில் வைத்திருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை. பிரசவ ஆபரேஷன் தியேட்டரிலேயே காப்பர் டி வைத்துவிடலாமா என்று கேட்டார்கள், எங்கள் அம்மா வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். சித்திக்கு அது "மேலே ஏறிக்கொண்டது" என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. பிரசவம் முடிந்தபோது ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.9தான் இருந்தது. சத்து மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன்.

பால் குறையாமல், பையனுக்கும் ஒன்றும் ஆகாமல் எதை எடுக்கலாம்? தயவுசெய்து "டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். டாக்டரிடம் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், அதிலும் பக்கத்தில் அத்தை நிற்பார்.

மதுரைக்காரி

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். என் அக்கா அப்படித்தான் இருந்தாள். மூத்தவனுக்கு எட்டு மாதம், பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், ஒரு தடவைகூட விலக்காகவில்லை. வாயுத்தொல்லை என்று ஸ்கேன் எடுத்தால் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள்! கருமுட்டை முதலில் வெளியே வரும், அது கருவாகவில்லை என்றால்தான் இரண்டு வாரம் கழித்து மாதவிலக்கு. அந்த முதல் முட்டையிலேயே நின்றுவிட்டால் விலக்கு எங்கிருந்து வரும்?

ஓய்வு பெற்ற நர்சம்மா

கண்ணு, நான் ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். புதன்கிழமை தடுப்பூசி போட வரும் தாய்மார் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விதான் இது, அதுவும் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் அந்தப் பக்கம் போனதும்.

உன் அத்தை சொல்வதை முழுப்பொய் என்று தள்ள மாட்டேன். தாய்ப்பாலே கருத்தடையாக வேலை செய்யும், நூற்றுக்கு 98 பேருக்குக் காக்கும். ஆனால் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. மாதவிலக்கு வந்திருக்கக் கூடாது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் பெரிதாகக் கொடுக்கக் கூடாது, பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும் ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. மூன்றில் ஒன்று போனாலும் கணக்கு போச்சு. உனக்குப் பத்திலிருந்து ஐந்து வரை ஏழு மணி நேரம் ஆகிறது, நடுவில் பவுடர் பால் வேறு. குழந்தை சப்பச் சப்பத்தான் முட்டை வளராமல் உடம்பு தடுத்து வைத்திருக்கும். ராத்திரிப் பாலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இப்போதைக்கு உனக்குப் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள். வேலைக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாலா டியை எடுத்துப் பார். அட்டையில் 28 இருக்கும், 21 ஹார்மோன் மாத்திரை, மிச்சம் ஏழு இரும்புச் சத்து. பின்பக்கம் எத்தினில் எஸ்ட்ராடியோல் என்று போட்டிருக்கும். அது ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன். பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது என்பதால் பால் கொடுக்கிற தாய்க்கு ஆறு மாதம் வரை கொடுப்பதில்லை. பிரசவமான முதல் வாரங்களில் ரத்தம் கட்டிக்கொள்ளும் பயமும் உண்டு. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரையும் இதே சங்கதிதான். உன் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் வாங்கியிருக்கிறார், பாவம். எடுத்து வைத்துவிடு.

மாத்திரைதான் வேண்டும் என்றால் ஈஸ்ட்ரோஜன் இல்லாதது உண்டு. டெசோஜெஸ்ட்ரல் 75 மைக்ரோகிராம் என்று கேட்டால் பெரிய மெடிக்கலில் கிடைக்கும், டாக்டர் சீட்டு வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். கைக்குழந்தைக்காரிக்குத் தலை வாரவே நேரம் இருக்காது, இதில் மணி பார்த்து மாத்திரை எங்கே போடுவது என்பது என் எண்ணம். ஒழுங்காகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயா என்று ஒரு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். ஹார்மோனே இல்லாதது. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. 1991லேயே சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, ஞாயிறு போட்டால் அடுத்தது புதன். நாலாவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். பாலுக்கு ஒன்றும் செய்யாது. ஒரே தொந்தரவு, மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகும். ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டதோ என்று பயந்து ஓடி வருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் உனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி என்று யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் சாயா வேண்டாம். மஞ்சள் காமாலை, ஈரல் கோளாறு இருந்தாலும் வேண்டாம்.

காப்பர் டி மேலே, நெஞ்சுக்கெல்லாம் ஏறாது. கர்ப்பப்பைக்கு மேலே நெஞ்சுக்குப் போகிற வழியெல்லாம் கிடையாது. வைக்கும்போது ஆயிரத்தில் ஓரிருவருக்குச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே போகலாம், பால் கொடுக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால் கைதேர்ந்தவர்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நடப்பது வேறு. நூல் உள்ளே சுருண்டுகொள்ளும், கைக்குத் தட்டுப்படாது, உடனே "காணோம், மேலே போயிடுச்சு" என்று ஊரெல்லாம் கதை. ஸ்கேன் வைத்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். உன் சித்தி கதையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காப்பர் டியில் 375 என்ற வகை ஐந்து வருஷத்துக்கு, 380 ஏ என்ற வகை பத்து வருஷத்துக்கு. வேண்டாம் என்றால் எடுத்த மாதமே கரு நிற்கலாம். ஆனால் முதல் சில மாதம் விலக்கின்போது அதிகம் படும். ரத்தம் 8.9 என்றால் வைக்கவே கூடாது என்றில்லை, முதலில் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொண்டு வைப்பது நல்லது.

அந்தரா என்னும் கருத்தடை ஊசியைப் பற்றி போட்டவர்கள் யாராவது சொல்லட்டும். நான் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கர்ப்பத்தில் பி.பி. இருந்ததா?

இரண்டு வாலு அம்மா

நான் போட்டவள். அந்தரா, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மூத்தவளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஆரம்பித்தேன், ஒன்றரை வயது வரை பால் குடித்தாள். பாலில் எந்த வித்தியாசமும் இல்லை. எனக்கு இதில் பிடித்ததே யாருக்கும் தெரியாது என்பதுதான். மாத்திரை அட்டை குப்பையில் கிடந்தால் எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள்.

கஷ்டத்தையும் சொல்கிறேன். முதல் ஊசிக்கு அப்புறம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் விலக்கானால் பூஜை அறைக்குள் போகக் கூடாது. வாரத்தில் பாதி நாள் விளக்கேற்ற வராதே என்றால் என்ன சொல்வது? மூன்றாவது ஊசியிலிருந்து சுத்தமாக நின்றுவிட்டது, அது ஒரு நிம்மதி. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதே, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதே என்று நர்ஸ் சொன்னார், மருந்து சீக்கிரம் கரைந்துவிடுமாம். கால்சியம் மாத்திரையை விடாதே என்றும் சொன்னார்.

அப்புறம், நிறுத்தியதும் உடனே அடுத்தது நிற்காது. கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், எனக்கும் அப்படித்தான் ஆனது. இரண்டாவது எப்போது என்று திட்டம் இருந்தால் அதற்கேற்ப முன்கூட்டியே நிறுத்துங்கள்.

அப்பாவும் படிக்கலாம்

இங்கே ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. ஒரு வருஷம் எங்களுக்கு ஆணுறைதான், பாலுக்கும் குழந்தைக்கும் அதில் ஒரு பயமும் இல்லை. பால் கொடுக்கிற காலத்தில் பெண்களுக்கு வறட்சி இருக்கும், வலிக்கும். அதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் உறை கிழிந்துவிடும், எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும். தண்ணீர் சேர்ந்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கும், அதை வாங்குங்கள். இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

கவின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. நர்சம்மா, பி.பி. இருந்ததில்லை. நீர்க்கட்டி இருந்தது, காலேஜ் படிக்கும்போது ஸ்கேனில் சொன்னார்கள், அப்போது மாத்திரைகூடச் சாப்பிட்டேன். அப்படியானால் சாயா எனக்கு இல்லை.

இன்னொன்று, முதலில் எழுதவில்லை. போன மாதக் கடைசியில் இரண்டு நாள் லேசாகப் பட்டது. நாப்கின் வைக்கிற அளவுக்கு இல்லை. அத்தையிடம் சொன்னதற்குப் பிரசவ அழுக்குதான் மிச்சம் போகிறது என்றார், நானும் விட்டுவிட்டேன். அதற்கு அப்புறம் ஒரு தடவை, போன வாரம், உறை இல்லாமல் சேர்ந்தோம்.

ஓய்வு பெற்ற நர்சம்மா

கண்ணு, நாலரை மாதத்தில் பிரசவ அழுக்கு ஏது? பிரசவமாகி 56 நாளுக்கு அப்புறம் தொடர்ந்து இரண்டு நாள் பட்டாலே மாதவிலக்கு வந்ததாகத்தான் கணக்கு, நாப்கின் வைத்தாலும் வைக்காவிட்டாலும். அப்படியானால் இரண்டாவது நிபந்தனையும் போய்விட்டது.

பயப்படாதே. காலையில் முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கிற கார்டு போட்டுப் பார். சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஒரு கோடு, அதாவது கரு இல்லை என்று வந்தாலும் இப்போதே முழுசாக நம்பாதே, போன வாரம்தான் சேர்ந்தீர்கள் என்பதால் அது இவ்வளவு சீக்கிரம் காட்டாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பார். அதுவரை உறை இல்லாமல் வேண்டாம். இது நடந்து மூன்று நாளுக்குள் கேட்டிருந்தால் அவசர மாத்திரை சொல்லியிருப்பேன், பால் கொடுக்கிறவர்களும் அதைப் போடலாம். நம் பக்கம் பாதி மெடிக்கலில் கேட்டால் இல்லை என்பார்கள், அது வேறு கதை.

கரு இல்லை என்று தெரிந்ததும் உனக்கு இரண்டு வழி. அந்தரா போட்டால் போகப் போகப் படுவது குறையும், உன் ரத்தம் தேற அது உதவும். மூன்று வருஷ இடைவெளி கேட்கிறாய், நிறுத்தி எட்டு பத்து மாதம் ஆனாலும் உனக்கு நஷ்டம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் பர்மிஷன் போடுவது கஷ்டம் என்றால், ரத்தம் ஏறியதும் காப்பர் டி. உன்னைப் பார்த்தால் தேதி நினைவு வைத்துக்கொள்கிறவளாகத் தெரிகிறது, அதனால் நான் ஊசியைத்தான் சொல்வேன்.

கவின் அம்மா

நேற்றுதான் போய் வந்தேன். வீட்டில் பார்த்த இரண்டாவது கார்டும் ஒரே கோடு, அங்கேயும் ஒரு தடவை பார்த்தார்கள். ரத்தம் 10.2, பி.பி. சரி. அத்தை பையனுக்கு எடை போடுகிற இடத்தில் இருந்தார், நான் உள்ளே போய் அந்தரா போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் உறையும் போடச் சொன்னார்கள். ராத்திரிப் பவுடர் பாலையும் நிறுத்திவிட்டேன், பையன் இரண்டு மணிக்கு எழுந்து குடிக்கிறான், எனக்குத்தான் தூக்கம் போச்சு.

ஒரு சந்தேகம். அட்டையில் எழுதிய தேதியன்று கம்பெனியில் ஷிப்மெண்ட் இருக்கும்போலிருக்கிறது. நாலைந்து நாள் தள்ளிப் போகலாமா?

ஓய்வு பெற்ற நர்சம்மா

போகலாம். இரண்டு வாரம் முன்னாடியும் போடலாம், நாலு வாரம் பிந்தினாலும் போடுவார்கள். ஷிப்மெண்டுக்கு முந்தின வாரமே போய்விடு, பிந்துவதைவிட முந்துவது நல்லது. அட்டையை மறக்காமல் எடுத்துப் போ. அவிநாசியை விட்டு வேறு ஊரில் இருந்தாலும் அதைக் காட்டினால் போட்டுவிடுவார்கள்.