பக்தியோடு வளரும் பிள்ளைகளின் நடத்தை வேறுபடுமா?

கேள்வி:
எங்கள் மகளுக்கு ஆறு வயது. நான் நாள் தவறாமல் வழிபடுபவள். என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. வழிபாட்டுப் பழக்கம் பிள்ளையிடம் அடக்கத்தையும் இரக்கத்தையும் வளர்க்கும் என்கிறேன் நான். அவரோ, பக்தியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பகிர்ந்துகொள்ளும் குணம் குறைவு என்று ஓர் ஆய்வைக் காட்டுகிறார். இந்த வாக்குவாதம் சில நாள்களில் அவள் முன்னாலேயே நடந்துவிடுகிறது. எதை நம்புவது?

பதில் 1:
அது 2015இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் ழான் டெசெட்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். ஆறு நாடுகளைச் சேர்ந்த, 5 முதல் 12 வயது வரையிலான 1,170 பிள்ளைகள், தமக்குப் பிடித்த பத்து ஸ்டிக்கர்களில் எத்தனையை முகமறியாத இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். கோளாறு கணக்கில் இருந்தது. நாடுகளைப் பிரித்துக் காட்டுவதற்காக இட்ட வெறும் அடையாள எண்களை, கூட்டிப் பெருக்கத்தக்க அளவுகளைப் போலக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதைத் திருத்தியதும், பக்தியின் விளைவாகத் தெரிந்ததில் பெரும்பகுதி நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாடே என்று புலப்பட்டது. 2019இல் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். முதல் செய்தி பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை என்பதால் உங்கள் கணவரைக் குறை சொல்ல முடியாது.

பதில் 2:
சகோதரி, உங்கள் பக்கமும் அவ்வளவு உறுதியானதல்ல. ஜான் பார்ட்கோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், வழிபாட்டுக்குத் தவறாமல் செல்லும் பெற்றோரின் சிறு பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் நல்லவிதமாகவே சொன்னார்கள்; ஆனால் மதத்தைப் பற்றி அடிக்கடி சண்டை நடக்கும் வீடுகளில் நிலைமை தலைகீழாக இருந்தது. அதோடு, அடங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகத் தயங்கும் பெற்றோரும் உண்டல்லவா? எது காரணம், எது விளைவு என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘அவள் முன்னாலேயே’ என்ற சொற்கள்தான்.

பதில் 3:
என் அனுபவம் ஒன்று. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லியே மகனை வளர்த்தேன். ஒரு நாள் அவன் சாமி படத்தின் மேல் துண்டைப் போர்த்திவிட்டு, மிட்டாய் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. டப்பாவைப் பற்றி வாசித்ததும் அவரும் சிரித்துவிட்டார். வாக்குவாதத்தை அவள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்வதாக இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.