நாற்காலி போட்டா நொந்த மனசு ஆறிருமா?

பழைய ஆர்.ஐ.: நேத்து இங்க ஒரு தம்பி எழுதிருக்காப்ல. அரசு ஊழியருக்கெல்லாம் ‘ட்ரோமா இன்ஃபார்ம்டு’ பயிற்சி கட்டாயமாக்கணுமாம். அடிபட்ட மனசோட வர்றவங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு நமக்குச் சொல்லித் தருவாங்களாம். முதப் பாடம், “மனு கொடுக்க வர்றவருக்கு நாற்காலி போடுங்க.” 34 வருஷம் வருவாய்த்துறையில குப்பை கொட்டுனவன் கேக்குறேன். திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மதுரை கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தைப் பாத்திருக்கீரா? அம்புட்டு நாற்காலிக்கு எங்கிட்டுப் போக, பந்தல்காரன்கிட்டயா?

செல்லூர் மணி: அந்தத் தம்பி நான்தான் சார். பத்து வரி எழுதுனேன், உங்க கண்ணுல நாற்காலி மட்டும் பட்டிருக்கு. அமெரிக்காவுல சாம்சான்னு மனநலத்துக்கான அரசு அமைப்பு 2014-லயே இதுக்கு ஆறு கோட்பாடு எழுதி வச்சிருக்கு. அதுல முதல்ல நிக்கிறது பாதுகாப்பு. நம்பிக்கை, மனுசனோட விருப்பத்தைக் கேக்குறதெல்லாம் அதுக்கப்புறம்.

பழைய ஆர்.ஐ.: அந்த ஆறுல நாற்காலி எத்தனாவது?

கண்மாய்க்கரை: ட்ரோமாவா, டிராமாவா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. பயிற்சின்னா மத்தியானம் பிரியாணி உண்டுல்ல?

உசிலம்பட்டி செல்வி: சிரிங்க. எங்க அத்தை ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு அலைஞ்சது எனக்குத் தெரியும். வி.ஏ.ஓ. கிட்ட ஒரு வாட்டி, ஆர்.ஐ. கிட்ட ஒரு வாட்டி, தாலுகா ஆபீஸ்ல ஒரு வாட்டி, மாமா செத்த கதையச் சொல்லணும். பேனா மூடியக் கடிச்சுக்கிட்டே ஒருத்தர் சத்தமா, “தூக்கா, மருந்தா?”ன்னு கேட்டார். வரிசையில பின்னாடி நின்னதெல்லாம் எங்க ஊர் ஆளுக. அத்தை மஞ்சப்பையோட காதைத் திருகிக்கிட்டே நின்னாங்க. மனுவக் கொடுக்காமலே பஸ் ஏறிட்டாங்க. நாற்காலி இருந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு ஓடித்தான் வந்திருப்பாங்க.

பழைய ஆர்.ஐ.: பாத்தீரா மணி! நாற்காலி இருந்தாலும் பிரயோஜனமில்லைன்னு தங்கச்சியே சொல்லிருச்சு. கேக்காம எப்படிம்மா ரிப்போர்ட் எழுதுறது? மறுமணம் ஆகலைன்னு கையெழுத்துப் போடுறவன் நானு. பொய்யின்னா மெமோ எனக்கு.

உசிலம்பட்டி செல்வி: கேக்க வேணாம்னு யார் சொன்னா? தனியாக் கூப்பிட்டு, ஒரு தடவ கேளுங்க. மேல இருக்கவரு அந்தக் காகிதத்தப் படிக்கட்டும். என் பேச்சைத் திருப்பி என் தலையிலயே கட்டாதீங்க.

செல்லூர் மணி: இது சட்டத்துலயே இருக்கு சார். பாலியல் கொடுமையிலருந்து குழந்தைகளைக் காக்குற 2012 போக்சோ சட்டம், 24-வது பிரிவு. குழந்தைகிட்ட வாக்குமூலம் வாங்குற போலீஸ் யூனிஃபார்ம்ல இருக்கக் கூடாது. குழந்தையோட வீட்டுலயோ, அது விரும்புற இடத்துலயோதான் வாங்கணும்.

பழைய ஆர்.ஐ.: அந்தப் பிரிவுல நாற்காலின்னு எங்க இருக்கு? காட்டும்.

கண்மாய்க்கரை: அண்ணே, எங்கப்பா பட்டா மாறுதலுக்கு வந்தப்ப நீங்க நாற்காலியும் போடல, பட்டாவும் போடல.

பழைய ஆர்.ஐ.: உங்கப்பா கொண்டாந்த பத்திரத்துல நாலு மால், அதான் நாலு பக்க எல்லை, பொருந்துச்சா? எல்லைக்கல்ல யாரு நகட்டுனதுன்னு ஊருக்கே தெரியும். வாயக் கிளறாத.

கண்மாய்க்கரை: கல்லைப் பத்திப் பேசுவமா? சித்தப்பா கிணத்தையும் சேத்துப் பேசுவோம், வாங்க.

செல்லூர் மணி: விசயத்துக்கு வாங்கய்யா. 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல ஒரு குடும்பமே தீக்குளிச்சுச்சு. கந்துவட்டிக் கொடுமைன்னு பலமுறை மனு கொடுத்த குடும்பம். அதுல நாம கத்துக்கிட்டது என்ன? வாசல்ல பையத் தடவி மண்ணெண்ணெய் இருக்கான்னு பாக்குறது. உள்ள உக்காந்திருக்கவரு பேசுற விதம் மாறுச்சா?

பழைய ஆர்.ஐ.: அன்னைக்கு அதைப் பாத்த போலீஸ்காரனுக்கும் கிளார்க்குக்கும் யாரு ஆறுதல் சொன்னா? மழைன்னா, வெள்ளம்னா, எலெக்சன்னா ராப்பகலா நின்னோம். எங்களுக்கு யாரு நாற்காலி போட்டா?

உசிலம்பட்டி செல்வி: அதுவும் இந்தப் பயிற்சியிலதான் வரும் ஐயா. கேக்குறவங்க மனசும் நோகும்னு…

பழைய ஆர்.ஐ.: என் மனசு கருங்கல்லும்மா. அதுக்குப் பயிற்சி வேணாம். நான் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல. பிளாஸ்டிக்கா, இரும்பா? எந்தத் தலைப்புல செலவு எழுதுறது?

செல்லூர் மணி: சார், நாற்காலிய விடுங்க.

பழைய ஆர்.ஐ.: ஆரம்பிச்சது நீரு. நான் ஏன் விடணும்?

கண்மாய்க்கரை: அண்ணே, அந்தக் கல்லு விசயம்…