ஷூ மாட்டும் நேரத்தில் தோள் எங்கே இருக்கிறது?
(குழந்தையோடு இருக்கும்போது பதற்றம் ஏறினால் உடம்பைக் கவனிப்பது பற்றி ஒரு இணைய உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ராகிக்கூழ்
காலை 7.40. தெருமுனையில வேன் ஹார்ன் அடிச்சாச்சு. எதிர்வீட்டுப் பையன் ஒரு ஷூவை மாட்டிட்டு இன்னொண்ணைக் காலால தள்ளி விடறான். பார்த்து மூணு நாளாச்சு, இன்னும் கண்ணுலயே நிக்குது. கத்தறதுக்கு முன்னாடியே அந்த அம்மாவோட உடம்பு சொல்லிடுச்சு. ரெண்டு தோளும் காதுப் பக்கம் ஏறுச்சு, தாடை இறுகிச்சு, மூச்சு நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் குரல்.

பிடிக்க வேண்டியது அந்த ரெண்டு மூணு நொடியைத்தான். குனியாம முட்டி போடுங்க. முட்டி தரையில படறது தெரியணும். மேலண்ணத்துல ஒட்டியிருக்கற நாக்கைத் தளர்த்துங்க, தாடை தானா இளகும். அப்புறம் வாயால நீளமா மூச்சை விடுங்க. எடுத்ததும் இழுக்காதீங்க. நெஞ்சு ஏற்கெனவே காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு, மேல மேல இழுத்தா படபடப்புதான் கூடும். மூச்சு வெளிய போறப்பதான் இதயத்துடிப்பு மெதுவாகும். விட 6 எண்ணிக்கை, இழுக்க 4. ரெண்டு சுற்று போதும்.

மணிக்கட்டு
முட்டி போடறது சரி. ஆனா எல்லாரையும் மூச்சைக் கவனிக்கச் சொல்லாதீங்க. தடுப்பூசி போடற இடத்துல ஒரு அப்பா, மடியில கைக்குழந்தை. பக்கத்துல இருந்தவங்க "மூச்சைக் கவனிங்க, மூச்சைக் கவனிங்க"ன்னு சொல்லச் சொல்ல அவருக்கு வேர்த்துக் கொட்டுது. சிலருக்கு மூச்சுப் பக்கம் கவனம் போனாலே மூச்சு முட்டற மாதிரி ஆயிடும். அவங்களுக்குப் பாதம்தான் நல்லது. குதிகால், சுண்டுவிரல் அடி, பெருவிரல் அடி, மூணுல எங்க பாரம் அதிகம்னு பார்க்கட்டும்.

இன்னொண்ணு, யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லணும். அந்த அப்பா குழந்தையைத் தூக்கின விதம். அக்குள்ல கையைக் கொடுத்து, கட்டைவிரலை விரிச்சு, மணிக்கட்டை வளைச்சு. பச்சைக்குழந்தை இருக்கற வீட்டுல நிறையப் பேர் இப்படித்தான் தூக்கறாங்க. கட்டைவிரலை இழுக்கற ரெண்டு தசைநாணும் மணிக்கட்டுல ஒரு குறுகலான உறை வழியாப் போகுது. நாள் பூரா அது உரசினா உறை தடிச்சுடும். டாக்டர்கள் 'டி குர்வேன்'னு சொல்றது இதைத்தான். கட்டைவிரலை உள்ள மடக்கி முஷ்டி பிடிச்சு, சுண்டுவிரல் பக்கமா மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க. கட்டைவிரல் பக்கம் சுரீர்னு குத்தினா சந்தேகப்படணும். வலி வந்த பிறகும் பல்லைக் கடிச்சுட்டுத் தூக்கிட்டே இருப்பாங்க, அதுதான் தப்பு. ஒரு உள்ளங்கை பிட்டத்துக்கு அடியில, இன்னொண்ணு கழுத்துக்கும் முதுகுக்கும் பின்னால. கட்டைவிரல் மத்த விரல்களோட ஒட்டியே இருக்கட்டும், மணிக்கட்டு நேரா இருக்கட்டும். முறத்துல அள்ளற மாதிரி அள்ளணும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கற பட்டை கட்டினா வலி குறையும். குறையலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

ராத்திரி ரெண்டு மணி
@ராகிக்கூழ், உங்க 6-4 கணக்கு ஷூவுக்குச் சரி. ஆறு வாரக் குழந்தை நடுராத்திரி ஒரு மணி நேரமா வீறிடறப்ப அது எடுபடாது. அழுகை உச்சத்துக்குப் போறதே கிட்டத்தட்ட அந்த வயசுலதான், மூணு நாலு மாசத்துல தணிஞ்சிடும். பக்கத்து வீட்டுல கேட்டது இன்னும் காதுல இருக்கு. அழுகை இல்ல, தூளியை ஆட்டற வேகம். கயிறு கிறீச் கிறீச்னு.

கை இறுகி, ஆட்டற வேகம் கூடுதுன்னா அதுதான் உடம்போட எச்சரிக்கை. அப்ப தியானம் எல்லாம் வேண்டாம். தலையணை, போர்வை எதுவும் இல்லாத தட்டையான, விழ வழியில்லாத இடத்துல குழந்தையை மல்லாக்கப் படுக்க வைங்க. அடுத்த அறைக்குப் போங்க. முகத்துல தண்ணி அடிங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து பாருங்க. அழட்டும், பரவாயில்ல. குலுக்கினா மூளைக்குள்ள ரத்தக்கசிவு வரலாம், உயிரே போகலாம். உங்களுக்குத் தூக்கமின்மை, வெறுமை ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா 14416-க்கு (டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண்) கூப்பிடுங்க. குழந்தையையோ தன்னையோ காயப்படுத்தற எண்ணம் வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கீழ்வீடு
கால்விரல்ல தொடங்கித் தலைவரை உடம்பைக் கவனிக்கற பயிற்சியை தியானப் பயிற்சியாளர் ஜான் கபாட்-ஜின் 1979-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல தொடங்கின, மன அழுத்தம் குறைக்கற எட்டு வார வகுப்புல 45 நிமிஷம் படுக்க வெச்சுச் செய்வாங்க. கைக்குழந்தைக்காரங்களுக்கு அது நடக்காது. பால் கொடுக்கற நேரத்துல செய்யலாம்னு பலரும் சொல்றாங்க, சரிதான். ஆனா ஒரு வீட்டுல பார்த்து நெஞ்சு பதறிடுச்சு: சோஃபாவுல சாய்ஞ்சு, கண்ணை மூடி, குழந்தை மார்மேல, அம்மா நல்ல தூக்கத்துல. குழந்தை இடுக்குல நழுவினா மூச்சு முட்டிடும். கை இல்லாத நாற்காலியில நிமிர்ந்து உக்காருங்க, கண் திறந்தே இருக்கட்டும். முழு உடம்பும் வேண்டாம். தோள், முழங்கை, பிடிச்சிருக்கற கை, இந்த மூணு போதும். குழந்தையை மார்புக்குக் கொண்டு வரணும், மார்பை இறக்கிக் குனியக் கூடாது. கழுத்து இழுத்தா குழந்தைக்கு அடியில மடியில வெச்சிருக்கற தலையணையை ஒரு மடிப்பு உயர்த்துங்க.

ராகிக்கூழ்
@ராத்திரி ரெண்டு மணி, ஒத்துக்கறேன், கைக்குழந்தைக்கு உங்க வழிதான். நான் சொன்னது நாலு வயசுக்கு. அந்த வீட்டு ஷூ நாடா கட்டறது, இத்தனை சின்னப் பையனுக்கு அது ஆகாது. வெல்க்ரோ (ஒட்டற பட்டை) வெச்சது வாங்கி, முந்தின ராத்திரியே ஷூவோட நாக்கைத் திறந்து வாசல்ல வெச்சா, முட்டி போட்டு மூச்சு விட அந்த அம்மாவுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கும்.